இலை ஓரத்து உப்பு

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். முக்கூடல் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. வயது 47. வீட்டில் நான், வீட்டுக்காரர், மகள், மாமியார் என நாலு பேர். இருபத்தைந்து வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். நாலு மாதம் முன்பு ஊருக்கு வந்த முகாமில் பிரஷர் 168/104 இருந்தது. ஒரு வாரம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 162/100. அம்லோடிபின் 5 மில்லிகிராம் தந்தார்கள். ஒன்றரை மாதம் போட்டேன், 132/84 ஆகிவிட்டது. சரியாகிவிட்டதே என்று நிறுத்திவிட்டேன். மாத்திரையைப் பழக்கினால் ஆயுசுக்கும் விட முடியாது, கிட்னியும் போய்விடும் என்று பக்கத்து வீட்டு மதினி சொன்னார்கள். சாப்பாட்டிலேயே குறைத்துவிடலாம் என்று கல்லுப்பை விட்டு இந்துப்புக்கு மாறினேன். வெறும் வயிற்றில் பூண்டு தின்கிறேன். குழம்பில் உப்பு பாதிதான். காலையில் பழைய கஞ்சி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. வெளியில் சாப்பிடுவதே இல்லை. ஆனாலும் போன வாரம் 164/100. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற டென்ஷன்தான் காரணமா? இரண்டாவது பிரசவத்தில் கால் வீங்கி பிரஷர் வந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. உட்கார்ந்தே வேலை என்பதால் இடுப்பு வலிக்கு மட்டும் அப்பப்ப மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவேன். மற்றபடி எந்த நோயும் இல்லை.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை இந்துப்பும் பூண்டும்தான் கண்ணில் பட்டன. இரண்டாவது முறை படிக்கும்போதுதான், போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த இடுப்பு வலி மாத்திரை பட்டது. முக்கியமான விஷயம் எப்போதும் கடைசியில்தான் வரும். நோயாளி எழுந்து, கதவு வரை போய், திரும்பி நின்று, 'அப்புறம் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் டாக்டரம்மா' என்பார். அதனால் நானும் உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

இடுப்பு வலி என்று மெடிக்கலில் கேட்டால் பெரும்பாலும் டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், இபுபுரூபன் என்ற வகையில் ஒன்றைத் தருவார்கள். வலி கேட்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைத்து, வெளியேற வேண்டிய உப்பையும் தண்ணீரையும் உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். அதனால் பிரஷர் ஏறும். பிரஷருக்குத் தருகிற மாத்திரைகள் பலவற்றின் வேலையையும் இவை கெடுக்கும். வருஷக்கணக்கில் போட்டால் சிறுநீரகத்துக்கும் கேடு. மதினி பயந்தது நியாயமான பயம்தான், என்ன, மாத்திரைதான் மாறிப் போய்விட்டது.

பீடி சுற்றுகிற பெண்கள் பலரை எனக்குத் தெரியும். முந்தி முடிச்சை அவிழ்த்தால் சில்லறையோடு இரண்டு மாத்திரை இருக்கும். அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டிக் கொடுத்தது, பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டிருக்கும். 'இது என்ன மாத்திரைம்மா?' என்றால் 'ரோஸ் கலர் மாத்திரை, நல்லாக் கேக்கும்' என்பதுதான் பதில். 'அப்பப்ப' என்றால் எவ்வளவு என்று நான் எப்போதும் திருப்பிக் கேட்பேன். வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து, பேச்சுவாக்கில் தினம் ஒன்று என்று வந்து நிற்கும். நீங்களும் யோசித்துப் பாருங்கள். இந்த மாதம் எத்தனை?

இடுப்பு வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கூலி ஆயிரம் பீடிக் கணக்கில் வருகிறது, வலி வந்தால் கூலி போகும். தாங்க முடியாத நாளில் பாரசிட்டமால் போடுங்கள், அதையும் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சுவரில் முதுகு முழுக்கப் படுகிற மாதிரி, இடுப்புக்குப் பின்னால் ஒரு பழைய புடவையைச் சுருட்டி வைத்து உட்காருங்கள். தட்டை மடியில் வைத்துக் குனியாமல், அடியில் ஒரு தலையணை கொடுத்து உயர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து முற்றம் வரை போய் வந்து உட்காருங்கள். ஒரு நிமிஷம்தான் ஆகும். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப் போனாலோ எலும்பு டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது, நீங்கள் நிறுத்திய மாத்திரை.

162/100 இருந்தது 132/84 ஆனதும் சரியாகிவிட்டது என்று நினைத்தீர்கள். அந்த 132 மாத்திரையின் வேலை. மண் சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம், சுவர் நேராக நிற்கிறது, இனி முட்டு எதற்கு என்று உருவினால் என்ன ஆகும்? போன வாரம் 164. மாத்திரை உங்களுக்குப் 'பழகி'விடவில்லை. அம்லோடிபின் பழக்கத்தை உண்டாக்குகிற மருந்தல்ல. பிரஷர் என்பதே பெரும்பாலும் ஆயுசுக்கும் கூட வருகிற ஒன்று, அதனால் மாத்திரையும் கூட வருகிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர்தான். டயாலிசிஸுக்குப் போகிறவர்களின் பழைய சீட்டுகளைப் புரட்டினால், சர்க்கரையும் வருஷக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்ட பிரஷரும்தான் அதிகம் தென்படும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பிரசவத்தில் பிரஷர் வந்து போனவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதில் அது திரும்பி வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மாதவிடாய் நிற்கிற வயதும் இதுவேதான். அதனால் மாப்பிள்ளை வீட்டார் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். டென்ஷனில் அந்த நேரத்துக்குப் பிரஷர் ஏறும், பிறகு இறங்கும். மாத்திரை இல்லாதபோதெல்லாம் 160-க்கு மேலேயே நிற்பதற்கு அது மட்டும் காரணமாக முடியாது. எனக்கு இந்த 'டென்ஷன்' என்ற சொல் மேலேயே ஒரு கோபம் உண்டு. அதைச் சொல்லிவிட்டால் உப்பும் தப்பித்துக்கொள்கிறது, மாத்திரையும் தப்பித்துக்கொள்கிறது.

சாப்பாட்டால் மட்டும் குறைக்க முடியுமா என்று கேட்டால், கணக்கைப் பார்ப்போம். உப்பை நன்றாகக் குறைத்தால் மேல் எண் ஏறக்குறைய ஐந்து புள்ளி இறங்கும், சிலருக்கு இன்னும் கூட. தினம் நடந்தால் இன்னொரு ஐந்து. எடை கூடுதலாக இருந்தால், குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு புள்ளி. இவை எல்லாம் அப்படியே கூட்டல் கணக்காகச் சேர்ந்துவிடுவதும் இல்லை. 142 இருக்கிறவரிடம் மூன்று மாதம் சாப்பாட்டைத் திருத்திப் பார்ப்போம் என்று நானே சொல்வேன். 164 இருக்கிற உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். மாத்திரையும் வேண்டும், சாப்பாடும் வேண்டும். சாப்பாடு சரியானால் மாத்திரையின் அளவு குறையலாம், இரண்டாவது மாத்திரை தேவைப்படாமல் போகலாம். அதை உங்கள் டாக்டர் எண்களைப் பார்த்து முடிவு செய்வார். அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அப்படி இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது.

சரி, இப்போது உப்புக்கு வருவோம்.

முதலில் இந்துப்பு. அதுவும் சோடியம் குளோரைடுதான் அம்மா. பிரஷரை ஏற்றுவது சோடியம். தூத்துக்குடி உப்பளத்தில் விளைந்தாலும் மலையில் வெட்டி எடுத்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பெரும்பாலும் இந்துப்பில் அயோடின் சேர்ப்பதும் இல்லை. விலையும் கூட. அயோடின் சேர்த்த சாதாரண உப்புக்கே மாறிவிடுங்கள், அளவை மட்டும் பார்ப்போம். பூண்டு தின்பதில் தப்பில்லை, வயிறு எரியாவிட்டால் தின்னுங்கள். மாத்திரைக்குப் பதில் அது நிற்காது. தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரம் அடிக்கடி சேர்த்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள், அது பிரஷரை ஏற்றும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சமன் செய்த ஒரு டீஸ்பூன். யாரும் தராசு வைத்துக்கொண்டு சமைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் நான் ஒரு வேலை சொல்வேன். அடுத்த உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதுங்கள், தீருகிற அன்று இன்னொரு தேதி. உங்கள் வீட்டில் நாலு பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். ஊறுகாய் போடவும் மீன் கழுவவும் எடுத்ததைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைச் சொன்னதும் 'எங்க வீட்ல உப்பே சேக்கிறதில்ல' என்று சாதிக்கிறவர்கள்கூட, பாக்கெட் தீர்ந்த பிறகு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் பாக்கெட் கணக்கிலும் பிடிபடாத உப்பு ஒன்று உண்டு. காலையில் பழைய கஞ்சி என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டுக்கிட என்ன என்று எழுதவில்லை.

எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், நானும் இந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். ஒரு நாள் மோர் மிளகாய், ஒரு நாள் மாங்காய் ஊறுகாய், ஒரு நாள் உப்பு நார்த்தங்காய், கருவாடு சுட்ட அன்று அதற்கென்றே இன்னும் ஒரு கும்பா கஞ்சி. மத்தியானம் சோற்றுக்குக் கல்லிடைக்குறிச்சி அப்பளமோ கூழ் வற்றலோ பொரியும். ராத்திரி தோசைக்கு மிளகாய்ப் பொடி. வீட்டுப் பரணில் ஜாடியில் இருப்பதால் இவையெல்லாம் 'வெளிச் சாப்பாடு' ஆவதில்லை. குழம்பில் பாதி உப்பு போட்ட பெருமையில் இருக்கிறோம், மீதிப் பாதி இலை ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

உங்கள் காலை கும்பாவையே எடுத்துக்கொள்வோம். கஞ்சியில் மூன்று விரலால் எடுத்துப் போடுகிற உப்பு ஏறக்குறைய ஒரு கிராம். ஊறுகாயில் பத்தில் ஒரு பங்கு உப்பு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு ஸ்பூன் ஊறுகாய் ஒரு கிராமைத் தாண்டும். மோர் மிளகாய் உப்பு மோரில் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறிக் காய்ந்து வந்தது, அதில் தண்ணீர் போய்விட்டது, உப்பு எங்கேயும் போகவில்லை. கருவாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உப்புதான் அதைக் கெடாமல் காக்கிறது. காலை ஒன்பது மணிக்குள் ஒரு நாள் உப்பில் பாதி உள்ளே போய்விடுகிறது. மத்தியானம் அப்பளம் இரண்டோ மூன்றோ. அதில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியம்தான்.

கஞ்சியை விடச் சொல்லவில்லை. பழைய கஞ்சி அருமையான சாப்பாடு. உப்புப் போடாமல், நீர் மோர் கொஞ்சம் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். சின்ன வெங்காயம் சப்பென்று இருந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சை மிளகாய் ஒன்றைக் கீறி அதோடு வையுங்கள். முந்தின நாள் மிஞ்சிய அவியல், கீரைக் கடைசல், தேங்காய்த் துவையல் எதுவும் ஆகும். ஊறுகாயும் கருவாடும் வேண்டவே வேண்டாம் என்றால் நீங்கள் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள். மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிய பிறகு குழம்பில் போடுங்கள். அன்று குழம்புக்குத் தனியாக உப்பு வேண்டாம்.

ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒன்றில் மட்டும் உப்பு என்பது என் அம்மாவிடம் நான் கற்ற வழி. அவர்களுக்குப் பிரஷர் வந்தபோது மருந்துச் சீட்டு எழுதியவள் நான், சமையலை மாற்றியவர்கள் அவர்கள். உளுந்தஞ்சோறு ஆக்கினால் சோற்றில் உப்பே போட மாட்டார்கள், எள்ளுத் துவையலில் மட்டும் போடுவார்கள். பிசைந்து சாப்பிடும்போது நாக்குக்கு ஒன்றும் குறையாது. சொதியில் உப்பு இருந்தால் கூட வைக்கிற உருளைக்கிழங்குப் பொரியலில் இருக்காது, இஞ்சிப் பச்சடியின் புளிப்பு ஈடுகட்டிவிடும். முதல் இரண்டு வாரம் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். மூன்றாவது மாதம் ஒரு கல்யாண வீட்டுச் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு 'என்ன இப்படி உப்பக் கொட்டி வச்சிருக்கான்' என்றார். நாக்கு மாறுவதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை உங்கள் வீட்டுக்காரரும் மாமியாரும் முணுமுணுப்பார்கள். அவர்களுக்கும் பிரஷர் பார்த்துவிடுங்கள், முணுமுணுப்பு அடங்குவதற்கு வாய்ப்பு இருக்கிறது.

குறைப்பதை மட்டுமே பேசினால் சாப்பாடு தண்டனை ஆகிவிடும். சேர்க்க வேண்டியதும் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் டாஷ் என்ற பெயரில் ஒரு சாப்பாட்டு ஆய்வு வெளியானது. காய், பழம், கொழுப்பு குறைந்த பால், பயறு, முழுத்தானியம் நிறைந்த சாப்பாட்டை எட்டு வாரம் கொடுத்தார்கள். உப்பைக் குறைக்காமலேயே, பிரஷர் இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. அந்தச் சாப்பாட்டை நம் ஊரில் தேடினால், ஏறக்குறைய நம் கூட்டாஞ்சோறு மாதிரிதான் இருக்கும். பருப்பும் முருங்கைக்கீரையும் கத்தரியும் வாழைக்காயும் ஒரே பானையில். அரிசியைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டி, வற்றல் பொரிக்காமல் சாப்பிட்டால் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கீரை, வாழைப்பழம், பாசிப்பயறு, கொள்ளு இவற்றில் இருக்கிற பொட்டாசியம் சோடியத்தை வெளியே தள்ள உதவும். வாரம் இரண்டு நாள் சாளை மீன் குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம். அல்வாவில் உப்பு இல்லையே என்று கேட்காதீர்கள், அது எடைக் கணக்கில் வரும்.

கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒன்று விற்கிறது. அதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள முதியவர்களுமாகச் சுமார் 21,000 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது, பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. நல்ல பொருள்தான். ஆனால் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் என்ற பிரஷர் மாத்திரைகளைப் போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இத்தனை வருஷம் வலி மாத்திரை போட்ட உங்களுக்கு முதலில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவும் பொட்டாசியமும், சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். கூடவே சர்க்கரையும் ஒரு ஈசிஜியும். அதன் பிறகு அந்த உப்பைப் பற்றிப் பேசலாம்.

பிரஷர் பார்க்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் நடந்துவந்து, ஸ்டூலில் உட்கார்ந்த கையோடு, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே பார்த்தால் பத்துப் புள்ளி தாராளமாகக் கூடும். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்துக்கு மேசை மேல் இருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, டீ வேண்டாம். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வந்து உட்காருங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். மேல்கையில் சுற்றுகிற கருவியாக ஒன்றைத் தெருவில் நாலு வீடு சேர்ந்து வாங்கினாலும் போதும். வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே நிற்க வேண்டும். 'பிரஷர் ஏறினா எனக்கே தெரியும், தலை சுத்தும்' என்பதை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. உங்களுக்கும் முகாமில்தானே தெரிந்தது?

நடை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், பேசலாம் ஆனால் பாட்டுப் பாட முடியாது என்கிற வேகத்தில். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிஷமாக மூன்று முறை. பீடிக் கடைக்குக் கணக்குக் கொடுக்கப் போகும்போது சுற்று வழியாகப் போய் வாருங்கள்.

மாத்திரைக்கு அலைய வேண்டியதும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நாளைக்கே சுகாதார நிலையத்துக்குப் போய், நிறுத்திய கதையை மறைக்காமல் சொல்லி, மறுபடி ஆரம்பியுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் மதினியைக் கூப்பிடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர அந்த நேரம் போதும், வீட்டில் யோசித்துக்கொண்டு உட்காராவிட்டால்.

இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள். உப்புப் பாக்கெட்டில் எழுதிய இரண்டு தேதியும், காலையில் பார்த்த பிரஷர் எண்களும், அந்த ரோஸ் கலரோ வெள்ளைக் கலரோ, இடுப்பு வலி மாத்திரையின் பெயரும் வேண்டும். கடையில் அட்டையை வெட்டாமல் பெயர் தெரிகிற மாதிரி காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்க வேண்டாம்.